கடைசிப் பிரிவுப் பிள்ளைகள்

பல பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் ஒரு பட்டியல் தயாராகிறது. மதிப்பெண் வரிசையில் முதல் நாற்பது பேருக்கு ‘ஏ’ பிரிவு, அடுத்தவர்களுக்கு ‘பி’. இப்படியே இறங்கி, கடைசியில் மிஞ்சுகிறவர்களுக்கு ‘மெல்லக் கற்போர்’ என்று பெயர். கைதேர்ந்த கணக்கு வாத்தியார் முதல் பிரிவுக்குப் போய்விடுவார். கடைசிப் பிரிவுக்கு ‘மினிமம் மெட்டீரியல்’ என்ற ஜெராக்ஸ் கட்டு போதும். 14 வயதுப் பிள்ளைக்குத் தன் இடம் எதுவென்று அன்றே தெரிந்துவிடுகிறது, தெருவுக்கும் தெரிந்துவிடுகிறது. நீட் பயிற்சி மையங்கள் பலவற்றில் இந்தச் சடங்கு வாரந்தோறும் நடக்கிறது. பிள்ளை விடுதிக்குத் திரும்புமுன் தரவரிசை அப்பாவின் வாட்ஸ்அப்புக்குப் போய்விடும்.

இந்தப் பிரிவினையைத் தமிழக அரசு தடைசெய்ய வேண்டும்.

விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துவந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் 15 வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைப் பிரிப்பதும் பலர் முன்னிலையில் அவமானப்படுத்துவதும் கூடாது என்பது அவற்றில் ஒன்று. ஆனால் ‘இயன்றவரை’ தவிர்க்க வேண்டும் என்றுதான் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எந்த நிர்வாகத்துக்கு அது இயலப்போகிறது? அந்த ஓட்டையை அடைக்க வேண்டியது மாநில அரசு.

2022-ல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. ஒவ்வொரு மரணத்துக்கும் பின்னால் பல காரணங்கள் இருக்கும். எல்லாவற்றையும் பள்ளியின் தலையில் கட்டுவது நியாயமல்ல. குடும்பத்தின் கடனையோ பரம்பரையாக வரும் நோய்க்கூறையோ தலைமையாசிரியரால் மாற்ற முடியாது. பிரிவுப் பட்டியலை மாற்ற முடியும்.

தன்மதிப்பு குறைவதால் மனச்சோர்வு வருகிறதா, மனச்சோர்வால் தன்மதிப்பு குறைகிறதா என்பது பழைய விவாதம். இரண்டும் நடக்கிறது. ஆனால் முதல் திசையின் விளைவே வலுவானது என்று 77 நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பாசல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் காட்டினார்கள். ‘நமக்கெல்லாம் படிப்பு ஏறாது சார்’ என்று ஒரு பையன் சிரித்துக்கொண்டே சொல்வதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா?

கற்கும் வேகம் வேறுபடும்போது ஒரே வகுப்பில் எப்படி நடத்துவது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அல்ஜீப்ரா வராதவனுக்கு மாலையில் அல்ஜீப்ரா மட்டும் சொல்லிக்கொடுக்கலாம். வந்ததும் அவன் அந்த வகுப்பிலிருந்து வெளியே வந்துவிடுவான். வருடம் முழுக்க ‘டி’ பிரிவில் உட்காரவைத்து, நல்ல ஆசிரியரையும் எடுத்துக்கொள்வதற்குப் பெயர் கற்பித்தல் உத்தி அல்ல. பள்ளியின் தேர்ச்சி விகிதத்துக்கும் வாசலில் வைக்கும் ஃபிளெக்ஸுக்கும் செய்யப்படும் ஏற்பாடு அது.

தமிழ்நாட்டுக்கு இது புதிய பாதையும் இல்லை. தோற்றவர்கள் அதே ஆண்டில் துணைத்தேர்வு எழுதிக் கல்லூரியில் சேர வழிசெய்த மாநிலம் இது. பொதுத்தேர்வில் ரேங்க் அறிவிப்பதை 2017-ல் நிறுத்தியதும் இதே மாநிலம்தான். மாநில அளவில் கைவிட்ட வரிசையைப் பள்ளிக்குள் ஏன் விட்டுவைக்க வேண்டும்?

இன்னொன்று, மனநல ஆலோசகர். 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஒருவராவது இருக்க வேண்டும் என்கிறது அதே தீர்ப்பு. அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது, 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணும் இருக்கிறது. இரண்டும் தேவைதான். ஆனால் பெட்டியில் விழும் சீட்டைப் படித்துவிட்டு அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். உடற்கல்வி ஆசிரியருக்குக் கூடுதல் பொறுப்பாக அதைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடக் கூடாது. பணியிடங்களை உருவாக்கி, வரும் நிதிநிலை அறிக்கையிலேயே சம்பளத்துக்குப் பணம் ஒதுக்க வேண்டும். பிரிவினைக்கான தடை உத்தரவுக்கோ ஒரு பைசா செலவில்லை; ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் அது தனியார் பள்ளிகளுக்கும் பயிற்சி மையங்களுக்கும் சேர்த்தே போயாக வேண்டும்.