குமரப்பாவின் கணக்கும் நம்ம வீட்டுச் சோறும்

தை கடைசியில் மாப்பிள்ளைச் சம்பா அறுத்தேன். விதைநெல் போக மிச்சத்தை அரிசியாக்கிச் சிப்பம் போட்டு சென்னைக்கு அனுப்பினேன். நல்ல விலைதான். அன்று ராத்திரி தட்டில் விழுந்தது கடையில் வாங்கிய பாலிஷ் அரிசிச் சோறு. "நஞ்சில்லாததை வித்துட்டு நாம எதைத் தின்றோம்?" என்று வீட்டில் கேட்டார்கள். பதில் சொல்ல வாய் வரவில்லை.

நம் கூட்டங்களில் ஜே.சி.குமரப்பா பெயரைச் சொல்லாத ஆள் இல்லை. 1892-இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து பம்பாயில் தொழில் செய்தவர். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துத் திரும்பி, 1929-இல் காந்தியைச் சந்தித்தார். குஜராத்தில் மாதர் தாலுகாவுக்கு மாணவர்களோடு போய், ஊர் ஊராகக் குடியானவர்களின் வரவு செலவை எழுதினார். பிறகு வார்தா மகன்வாடியில் கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், தேனீ வளர்ப்பு என்று கிராமத் தொழில்களுக்காகவே உழைத்தார். நெல்லை மில்லில் தீட்டினால் தவிட்டோடு சத்தும் போகுது, குத்துகிற பெண்களின் கூலியும் போகுது என்பது அவர் வாதம். கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் டி.கல்லுப்பட்டியில் இருந்தார். 1960 ஜனவரி 30-இல் மறைந்தார்.

நிலைத்த பொருளாதாரம் பற்றிச் சிறையில் இருந்தபோது அவர் எழுதிய நூல் 1945-இல் வந்தது. அதில் பொருளாதாரத்தை உயிர்களை வைத்தே தரம் பிரிக்கிறார். புலி கொன்று தின்னும். குரங்கு நடாத மரத்தில் பறித்துத் தின்னும். தேனீ தன் கூட்டத்துக்கே சேர்க்கும். எல்லாவற்றுக்கும் மேலே, பலன் பாராமல் கொடுக்கிற தாய்.

ரசாயனத்தை விட்டதும் நாம் தாய் பக்கம் போய்விட்டதாக நினைக்கிறோம். இயற்கைச் சான்றிதழ், மண்ணில் என்ன போட்டோம் என்று கேட்கிறது. விளைந்ததை யார் தின்றார்கள் என்று கேட்பதில்லை. குமரப்பா கேட்டிருப்பார். விளைச்சல் முழுக்கப் பட்டணத்துக்கு ஏறி, களை எடுத்த பெண்களுக்கு ஒரு பிடி கிடைக்கலைன்னா, நம்ம வியாபாரம் எந்தத் தரம்?

"கடன் இருக்கு, பிள்ளை படிப்பு இருக்கு, விக்காம என்ன செய்ய?" என்பீர்கள். எனக்கும் இருக்கு. விற்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வரிசையை மாற்றுவோம் என்கிறேன். முதலில் விதைநெல். அடுத்து வீட்டுக்கு ஒரு வருசச் சோறு. மூன்றாவது, கேட்கிறவர்களுக்கு நெல்லாகவே கூலி. அதுக்கப்புறம் சந்தை.

வருகிற போகத்தில் நான் இப்படித்தான் செய்யப்போகிறேன். கையில் வரும் பணம் குறையும். குறையட்டும். நீங்களும் களத்துமேட்டிலேயே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க.