பாதாளத் தவளையைக் ‘கண்டுபிடித்தவர்’ யார்?

தென்மேற்குப் பருவமழை நெருங்கும் நாட்களில், ஆண்டு தவறாமல், ஒரு தவளையின் படம் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றுக்கு வந்துவிடுகிறது. உப்பிய உடல், ஊதா நிறத் தோல், பன்றியின் மூக்கைப் போல் முன்னே நீண்ட வெளிறிய முகம். படத்துக்குக் கீழே உள்ள வரிகளும் மாறுவதில்லை: டைனோசர் காலத்துத் தவளை, ஆண்டு முழுதும் மண்ணுக்குள் ஒளிந்திருக்கும், இடுக்கி மாவட்டத்தில் 2003இல் கண்டுபிடிக்கப்பட்டது. பொழுதுபோக்குப் பக்கங்கள் இதைப் பரப்புவதில் குற்றம் காண ஒன்றுமில்லை. விலங்கியல் துறைகளின் பக்கங்களிலும், போட்டித் தேர்வு நூல்களிலும், ஆய்வேடுகளின் முதல் இயலிலும் இதே வரிகள் ஒரு சொல்லும் மாறாமல் இடம்பெறுவதுதான் கேள்விக்குரியது. இவ்வரிகளில் தவறான சொல் எது என்று கேட்டால் பலரும் டைனோசரைச் சுட்டுவார்கள். அதைவிடப் பெரிய பிழை ‘கண்டுபிடிக்கப்பட்டது’ என்ற சொல்லில் இருக்கிறது.

அத்தவளைக்குக் கேரளத்தில் முன்பே பெயர்கள் உண்டு. பாதாளத் தவளை என்பது ஒன்று. மாவேலித் தவளை என்பது இன்னொன்று. பாதாளத்துக்கு அனுப்பப்பட்ட மாவேலி மன்னன் ஆண்டுக்கு ஒருமுறை தன் மக்களைக் காண மேலே வருகிறான் என்பது ஓணக் கதை. இந்தத் தவளையும் மண்ணுக்கடியில் வாழ்ந்து, முதல் மழை விழும்போது இனப்பெருக்கத்துக்காக ஆண்டில் சில நாட்கள் மட்டுமே வெளியே வருகிறது. பெயரிட்டவருக்கு உயிரியின் வாழ்க்கைச் சுழற்சி தெரிந்திருக்கிறது. அதை மறக்க முடியாத ஒரே சொல்லில் அடக்கவும் தெரிந்திருக்கிறது. ‘நாசிகாபட்ராகஸ் சஹ்யாத்ரென்சிஸ்’ என்ற அறிவியல் பெயர் மூக்கையும் மலையையும் சொல்கிறது. பருவத்தை அது சொல்வதில்லை.

ஏலத்தோட்டத்திலும் ஓடைக்கரையிலும் மண்வெட்டியோடு நிற்பவர் கண்ணில் படாத மண்வாழ் உயிர், ஆய்வகத்திலிருந்து ஜீப்பில் வந்து இறங்குபவர் கண்ணில் முதலில் பட்டிருக்கும் என்று நம்புவதற்கு அசாத்தியமான கல்விச் செருக்கு வேண்டும். வளர்ந்த தவளை கறையானைத் தின்று நிலத்துக்குள் கிடக்கிறது. மழைக்கு முன் ஆண் தவளை ஓடைக்கு அருகே மண்ணுக்குள்ளிருந்தபடியே குரல் கொடுக்கிறது. மழை பெய்ததும், உருவில் மிகச் சிறிய ஆணை முதுகில் சுமந்துகொண்டு பெண் ஓடையைத் தேடிப் போகிறது. பாறைக் குழிகளில் இட்ட முட்டைகளிலிருந்து வரும் தலைப்பிரட்டைகள் உறிஞ்சும் வாயால் பாறையைக் கவ்விக்கொண்டு, காட்டாற்று வேகத்திலும் அடித்துச் செல்லப்படாமல் மூன்று மாதங்களுக்கு மேல் பாசியைச் சுரண்டித் தின்று வளர்கின்றன. நீர் சொட்டும் பாறை முகத்தில் கூட்டமாக ஒட்டிக் கிடக்கும் அவற்றைக் காண நுண்ணோக்கி தேவையில்லை. அந்த ஓடையில் நீர் எடுக்கப் போகும் எவரும் காணலாம்.

மக்கள் அறிவைக் கணக்கில் எடுக்க மனமில்லாதவர்களுக்கு அச்சிட்ட சான்றும் உண்டு. பாறையைக் கவ்வும் இந்தத் தலைப்பிரட்டையை நெல்சன் அன்னண்டேலும் சி. ஆர். நாராயண ராவும் 1917ஆம் ஆண்டிலேயே விவரித்துவிட்டார்கள். வளர்ந்த தவளையோடு அதைப் பொருத்திப் பார்க்க அன்று வழியில்லை. அதன்பின் ஏறத்தாழ 86 ஆண்டுகள் கழித்து, 2003 அக்டோபரில், எஸ். டி. பிஜுவும் ஃபிராங்கி போசூயும் ‘நேச்சர்’ இதழில் புதிய பேரினத்தையும் புதிய குடும்பத்தையும் நிறுவினார்கள். இத்தவளையின் நெருங்கிய உறவினங்கள் இந்தியாவில் எங்கும் இல்லை, இந்தியப் பெருங்கடலின் செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன என்று மரபணுச் சான்றுகளோடு அவர்கள் காட்டியது பெரிய சாதனை. அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனைமலையிலிருந்து கிடைத்த தவளையை வைத்துச் சுஷில் தத்தாவும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். ஒரே காலத்தில் இரண்டு குழுக்கள் ஒரே உயிரை நோக்கி வந்து சேர்ந்திருக்கின்றன என்றால், அது யாரும் அறியாத இருட்டில் கிடந்த உயிர் அன்று என்பதற்கு வேறு சான்று எதற்கு?

இதற்கு வகைப்பாட்டியலாளர்கள் சொல்லும் விடை தெரிந்ததே: ‘மக்கள் கண்டிருக்கலாம், அறிவியலுக்குப் புதிது என்பதே எங்கள் பொருள்.’ நியாயமான விடைதான். அப்படியானால் அந்தப் பொருளைத் தரும் சொல்லையே எழுதலாமே? விலங்குகளுக்குப் பெயரிடும் பன்னாட்டு விதிகள் பேசுவது பெயரையும் விவரிப்பையும் மாதிரி உடலையும் பற்றி. கண்டவர் யார் என்று தீர்ப்பளிப்பது அவ்விதிகளின் வேலை இல்லை. தமிழில் இச்சிக்கல் இன்னும் கூடுதல். மின்விளக்கை உருவாக்கியதும் கண்டுபிடிப்பு. ஏற்கெனவே இருக்கும் உயிரைக் கண்டதும் கண்டுபிடிப்பு. ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குவதால், ‘தவளையைக் கண்டுபிடித்தார்’ என்று படிக்கும் பள்ளி மாணவனின் மனத்தில் அந்த அறிஞருக்கு முன் அத்தவளை இல்லவே இல்லை. ‘2003இல் அறிவியல் முறைப்படி விவரிக்கப்பட்டது’ என்று எழுதினால் கூடுவது இரண்டே சொற்கள். அந்த இரண்டு சொற்களுக்குச் சோம்பும் ஆய்வேடு, ஒரு வட்டாரத்தின் அறிவு முழுவதையும் அடித்துவிட்டு மேலே நகர்கிறது.

டைனோசர் விவகாரத்தையும் முடித்துவிடலாம். ‘நேச்சர்’ கட்டுரை மதிப்பிட்ட 13 கோடி ஆண்டு என்பது இரண்டு வழித்தோன்றல்கள் பிரிந்த காலம். கணக்கிடும் முறையும் ஒப்பிடும் புதைபடிவங்களும் மாறினால் அந்த எண்ணும் மாறும். கட்டப்பனைப் பக்கத்து ஓடையில் இன்று குரல் கொடுக்கும் தவளைக்கு 13 கோடி வயது என்று அதற்குப் பொருளாகாது. அதன் முன்னோர் இடைக்காலம் முழுதும் மாறாமல் உறைந்திருந்தார்கள் என்றும் பொருளாகாது. மனிதனின் வழித்தோன்றலையும் பின்னோக்கிக் கொண்டுபோனால் டைனோசர் காலத்துப் பாலூட்டியில்தான் போய் நிற்கும். அதற்காக எவரும் தம் பாட்டனாரை ‘வாழும் புதைபடிவம்’ என்று அறிமுகப்படுத்துவதில்லை.

உள்ளூர் அறிவை அறிவியல் இலக்கியம் அறவே புறக்கணித்தது என்றும் சொல்வதற்கில்லை. ஓரிடத்தில் மிக விரிவாகவே கணக்கில் எடுத்தது. இடுக்கியின் நாடுகாணி, மூலமற்றம், குளமாவுப் பகுதிப் பழங்குடிக் குடியிருப்புகளில் இந்தத் தலைப்பிரட்டைகளை உணவுக்காகச் சேகரிக்கும் வழக்கம் உண்டு. 2015இல் ‘சாலமாண்ட்ரா’ இதழில் வந்த ஆய்வு அவ்வழக்கத்தைப் பதிவு செய்தது. அதன் தலைப்பே தலைப்பிரட்டை உண்பதை இத்தவளைக்கு ‘நேரடி அச்சுறுத்தல்’ என்று கூறுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை முட்டையிடும் உயிரின் குஞ்சுகளைக் கூடை கூடையாக எடுத்தால் இழப்பு நேரும் என்பதில் ஐயமில்லை. ஆய்வு பொய் சொல்லவில்லை. ஆனால் வரிசையைப் பாருங்கள். தவளை எங்கே, எப்போது, எந்தப் பாறையில் கிடைக்கும் என்று அறிந்தவர்கள் ‘கண்டுபிடிப்பு’ என்ற தலைப்பின் கீழ் இல்லை. ‘அச்சுறுத்தல்’ என்ற தலைப்பின் கீழ் இருக்கிறார்கள்.

அந்த மூன்று ஊர்ப் பெயர்களையும் வேறோரிடத்திலும் கேட்கலாம். 1976இல் தொடங்கிவைக்கப்பட்ட இடுக்கி நீர்மின் திட்டத்தின் மூன்று அணைகளில் ஒன்று குளமாவு. 780 மெகாவாட் திறனுள்ள மின்நிலையம் மூலமற்றத்தில், நாடுகாணி மலைக்குள் குடையப்பட்ட குகையில் இயங்குகிறது. அதுவும் பாதாளம்தான். சுமார் 60 சதுர கி.மீ. பரப்பில் தேங்கிய நீருக்கடியில் போன ஓடைகள் எத்தனை, அவற்றின் பாறைகளைக் கவ்வியிருந்த உயிர்கள் எவை என்பது எந்த ‘வியப்பூட்டும் தகவல்’ பட்டியலிலும் இல்லை. சாலை அகலப்படுத்தலும் தடுப்பணைகளும் வரிசையில் பின்னாலேயே நிற்கின்றன. ஒரு கைப்பிடித் தலைப்பிரட்டையை அள்ளிய கை மட்டும் படத்தோடு அச்சேறுகிறது.

இதே கேரளத்தில் இதற்கு மாறான முன்னுதாரணமும் உண்டு. 1987இல் அகத்தியமலைப் பகுதியில் களப்பணிக்குச் சென்ற ஆய்வாளர்களுக்குக் காணிக்காரர்கள் களைப்பைப் போக்கும் ஒரு செடியின் காயைக் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அச்செடியிலிருந்து ‘ஜீவனி’ மருந்து உருவாயிற்று. வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் அதன் உரிமத் தொகையில் பாதியைக் காணிக்காரர்களுக்கு ஒதுக்கியது. ஏற்பாட்டில் குறைகள் இருந்தன, சர்ச்சைகளும் எழுந்தன. ஆயினும் காட்டியவர் யார் என்பது மறைக்கப்படவில்லை. 2003இல் பிஜு பணியாற்றியதும் அதே நிறுவனம்தான் என்பது கவனிக்கத்தக்கது. செடிக்குச் சந்தை இருந்தது. காட்டியவருக்குப் பெயர் கிடைத்தது. தவளைக்குச் சந்தை இல்லை. அறிவுக்கு உரியவரைக் குறிப்பிடும் நேர்மை, பணம் புழங்கும் இடத்தில் மட்டும் விழித்துக்கொள்ளும் என்றால் அதற்கு ஆய்வு அறம் என்று பெயரிடுவது பொருந்தாது.

ஊரையும் மக்களையும் கழற்றிவிட்ட தகவல், பின்பு யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும் சீட்டாகிவிடுகிறது. மூணாறுப் பக்கத்து நீலக்குறிஞ்சிக்கு நேர்ந்தது இதுவே. ‘ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா’ என்ற பெயரில் உள்ள குந்தி, பாலக்காட்டு அமைதிப் பள்ளத்தாக்கில் ஓடும் குந்திப்புழைதான் என்று நூற்றுக்கணக்கான பதிவுகள் அடித்துச் சொல்கின்றன. இலத்தீன் பெயரிடு முறையில் ‘-இயானா’ என்ற ஈறு பெரும்பாலும் மனிதர் பெயரோடு வருவது. இடப்பெயருக்கு ‘-என்சிஸ்’ என்பதே வழக்கம், சஹ்யாத்ரென்சிஸ் என்பதைப் போல. இச்செடிக்கு முதலில் பெயரிட்ட நீஸ் வாழ்ந்த அதே காலத்தில், அதே ஜெர்மனியில், கார்ல் சிகிஸ்முண்ட் குந்த் என்ற புகழ்பெற்ற தாவரவியலாளர் வாழ்ந்தார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பொறுமை ஐந்து நிமிடம். ஆற்றின் பெயர் இனிக்கிறது என்பதற்காக அந்த ஐந்து நிமிடமும் ஒதுக்கப்படவில்லை.

இடத்தோடு பிணைத்துச் சொன்னால் வியப்பு குறைந்துவிடுமோ என்று அஞ்சத் தேவையில்லை. பாலக்காட்டுக் கணவாயையே எடுத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய 30 முதல் 40 கி.மீ. அகலமுள்ள இந்த இடைவெளி, சோலைக்காடுகளில் வாழும் ஷோலிகோலா என்ற சிறு பறவைப் பேரினத்தை வடக்கே ஓர் இனமாகவும் தெற்கே வேறு இனமாகவும் பிரித்து வைத்திருக்கிறது. சிறகுள்ள பறவையைத் தடுத்த இடைவெளி அது. பாதாளத் தவளையும் கணவாய்க்குத் தெற்கே மட்டும் வாழ்வதாகவே முதலில் கருதப்பட்டது. பின்னர் வடக்கேயும் பதிவாயிற்று. மண்ணுக்குள் வாழும் ஏழு சென்டிமீட்டர் உயிர் எல்லையின் இரு பக்கமும் இருப்பது எப்படி என்ற கேள்வி, டைனோசர் கதையைவிட ஓர் ஆய்வு மாணவரின் தூக்கத்தைக் கெடுக்கத் தக்கது.

மலையின் கிழக்குச் சரிவு இன்னொரு விடை வைத்திருந்தது. திருவில்லிபுத்தூர்ப் பகுதியில் கிடைத்த தவளை 2017இல் ‘நாசிகாபட்ராகஸ் பூபதி’ எனத் தனி இனமாக விவரிக்கப்பட்டது. 2014இல் களப்பணியின்போது உயிரிழந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் நினைவாக வைத்த பெயர். மேற்குச் சரிவில் உள்ளது தென்மேற்குப் பருவத்துக்கு வெளியே வருகிறது. கிழக்குச் சரிவில் உள்ளது வடகிழக்குப் பருவத்துக்கு. ஒரே மலைமுகட்டின் இரு பக்கமும் இரண்டு மழைக்காலம், இரண்டு நாட்காட்டி. ‘ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வரும் அதிசயத் தவளை’ என்று சுருக்கும்போது உதிர்ந்துபோவது இந்த மழைக்கணக்குத்தான். சரிவின் இரு பக்கமும் வேளாண்மை செய்பவர் எவருக்கும் அது புரியவைக்க வேண்டாத கணக்கு.

2002ஆம் ஆண்டின் உயிரியப் பன்மைச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழுவையும், உள்ளூர் மக்களைக் கேட்டு எழுதும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டையும் கோருகிறது. உயிரினத்தின் உள்ளூர்ப் பெயர், கிடைக்கும் இடம், பருவம், பயன் ஆகியவற்றைப் பதிவதற்கான ஏடு அது. கேரளத்தில் ஊராட்சிகள் அவற்றைத் தயாரித்தும் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் களப்பணி செய்யும் ஆய்வேடுகளின் துணைநூற் பட்டியலில் ‘நேச்சர்’ இருக்கும், ‘கரண்ட் சயின்ஸ்’ இருக்கும். ஓர் ஊராட்சியின் பதிவேட்டைத் தேடினால் காண்பது அரிது. நெறியாளர்கள் அதைக் கேட்பதில்லை. தேர்வாளர்கள் அதன் இன்மையைக் குறையாகக் குறிப்பதுமில்லை. இடுக்கியிலோ பாலக்காட்டிலோ தரவு திரட்டிய ஆய்வேட்டை அடுத்த முறை மேசையில் வைக்கும்போது, எந்த ஊராட்சியின் பதிவேடு பார்க்கப்பட்டது, ஓடைக்கு வழி காட்டியவர் எந்தக் குடியிருப்பினர், அவர்கள் அந்த உயிரை என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள் என்று வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியாகக் கேட்க எந்தப் பல்கலைக்கழக விதியும் தடையாக இல்லை.