சுடுநீர் எந்திரத்தை இடம் மாற்றும்போது சிக்கனம் எங்கே?

பள்ளி விடுமுறை வந்தாலே ஆசிரியர் வீடுகளில் உளியும் சுத்தியலும் ஒலிக்கத் தொடங்கிவிடும். இம்முறை எங்கள் வீட்டின் முறை. எழுபத்து நான்கு அகவை நிறைந்த என் அம்மா எங்களோடு தங்க வருகிறார். மாடிப்படி ஏற அவர் முழங்கால் இடந்தரவில்லை. எனவே, மாடிக் குளியலறையில் உள்ள சுடுநீர் எந்திரத்தைக் கீழ்த்தளக் குளியலறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. 'வாட்டர் ஹீட்டர்' என்று நாம் அன்றாடம் சொல்வதைத்தான் கூறுகிறேன். இது சிறிய வேலைதானே என்று பலரும் எண்ணுவர். அவ்வெண்ணம் ஆபத்தானது என்பதே என் கருத்து.

மூவரை அழைத்து விலை கேட்டேன். முதலாமவர் 150 ரிங்கிட் போதும் என்றார். சமையலறைப் பிளக்கிலிருந்து கம்பி இழுத்துத் தருவாராம். இரண்டாமவர், மின்விநியோகப் பெட்டியிலிருந்து தனிக்கம்பி, குளியலறைக்கு வெளியே 20 ஆம்பியர் சுவிட்ச், தனிப் பாதுகாப்புக் கருவி எல்லாம் சேர்த்து 480 ரிங்கிட் கேட்டார். மூன்றாமவர், இரண்டு குளியலறைக்கும் பொதுவாகத் தொட்டி வகைச் சூடேற்றி வைத்து, சுவரை உடைத்துப் புதுக்குழாய் பதிக்க 2,100 ரிங்கிட் என்றார். இம்மூன்றில் எதைத் தேர்வது?

விலையைப் பார்ப்பதற்கு முன் கணக்கைப் பார்ப்போம். எங்கள் எந்திரம் 3.6 கிலோவாட் ஆற்றல் கொண்டது. நம் நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 3,600-ஐ 230-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 15.7 ஆம்பியர் வருகிறது. சமையலறையின் மூன்று முள் பிளக்கோ 13 ஆம்பியருக்கு உரியது. அத்துடன் அதே வரிசையில் மின்கேத்தலும் சோற்றுப் பானையும் வேலை செய்கின்றன. தாங்கும் அளவை மீறினால் கம்பி சூடேறும். அதன் மேலுறை உருகும். தொடக்கப்பள்ளி மாணவனும் செய்யக்கூடிய இந்த வகுத்தல் கணக்கு, 150 ரிங்கிட் வேலையை அப்போதே தள்ளுபடி செய்துவிட்டது.

அடுத்தது மின்கசிவு. ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்பவரின் உடல் மின்சாரத்திற்கு எளிதில் வழிவிடும். ஆகவேதான் 1994-ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்குமுறை விதிகள், தரை ஈரமாக இருக்கக்கூடிய இடங்களுக்கு 10 மில்லியாம்பியருக்கு மேற்படாத அளவில் மின்னைத் துண்டிக்கும் கருவி வேண்டும் என வரையறுத்துள்ளன. நம் மக்கள் இதனைப் பொதுவாக 'இ.எல்.சி.பி.' என்பர். "எந்திரத்துக்குள்ளேயே அது இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?" என்று முதலாமவர் கேட்டார். எந்திரத்தினுள் இருப்பது, அதற்கு முன்னால் வரும் கம்பியில் நிகழும் கசிவை அறியாது. பெட்டியில் உள்ளதே முழுப் பாதையையும் காக்கும். நிலத்தொடர்புக் கம்பியையும் சோதிக்காமல் விடலாகாது.

நீரழுத்தமும் எண்ணிப் பார்க்க வேண்டியதே. நம் இரட்டை மாடி வரிசை வீடுகளில் நீர்த்தொட்டி கூரைக்குக் கீழே இருக்கும். ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 0.1 பார் அழுத்தம் கிடைக்கும். மாடியில் அது போதாமையால் பம்பு உள்ள வகையை வாங்குகிறோம். கீழ்த்தளத்தில் நீர் தானாகவே வேகமாக வருவதால் பம்பு இல்லாத, விலை குறைந்த வகையே போதுமானதாக இருக்கலாம். பம்பு உள்ளதையே மாற்றிப் பொருத்துவதாயின், அது தொட்டியிலிருந்து வரும் குழாயில்தான் இணைய வேண்டும். சாலையிலிருந்து நேரே வரும் குழாயில் இணைத்தலாகாது. கீழ்த்தளத்தில் இரு குழாய்களும் அருகருகே இருக்கக்கூடும் என்பதால் கேட்டுத் தெளிதல் நன்று.

தொட்டி வகையையும் குறைத்து மதிப்பிடவில்லை. குழந்தைகள் பலர் அடுத்தடுத்துக் குளிக்கும் வீட்டுக்கு அது வசதியானது. எனினும், 30 லிட்டர் நீரை 27 பாகையிலிருந்து 60 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 1.15 கிலோவாட் மணி மின்சாரம் செலவாகும். பயன்படுத்தாத வேளையிலும் வெப்பம் சிறிது சிறிதாக வெளியேறும். உடனடிச் சூடேற்றியோ 10 நிமிடக் குளியலுக்கு முழு ஆற்றலில் ஓடினாலும் 0.6 கிலோவாட் மணிதான் எடுக்கும். 60 பாகை நீர் முதியோர், சிறார் தோலைச் சில நொடிகளில் புண்ணாக்கிவிடும். அதற்கெனக் கலப்புக் குழாயும் வேண்டும். ஒருவர் குளிக்கும் அறைக்கு இவ்வளவு ஏற்பாடு மிகை.

செலவைக் கேட்ட அம்மா, "எதுக்குய்யா இந்தக் காசு? அடுப்புல ஒரு பானை வெந்நி வெச்சா ஆச்சு," என்றார். தோட்டப்புறத்தில் விறகடுப்பு மூட்டி எங்களையெல்லாம் குளிப்பாட்டி வளர்த்தவர் அவர். ஆயினும் இந்த அகவையில், கொதிநீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வழுக்கும் தரையில் அவர் நடப்பதை நான் எப்படி ஏற்பேன்?

இரண்டாமவரிடமே வேலையை ஒப்படைத்தேன். அவர் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவர். சான்றிதழைக் கேட்டபோது முகஞ்சுளிக்காமல் காட்டினார். ஒன்பது ஆண்டுப் பழைய எந்திரத்தை மாற்றிப் பொருத்துவதற்கும் புதியதைப் பொருத்துவதற்கும் கூலி ஒன்றே என்பதையும் எடுத்துரைத்தார். ஆதலால் பம்பு இல்லாத புதிய எந்திரம் ஒன்றை வாங்கினோம். கம்பியைச் சுவருக்குள் புதைக்காமல் வெளியே குழலில் கொண்டுசென்றதால் ஓடு உடைக்கும் செலவு மிஞ்சியது. அழகு சற்றுக் குறைந்தது, பாதுகாப்பில் குறைவில்லை.

பெற்றோரே, ஆசிரிய நண்பர்களே, சிக்கனம் வேண்டியதுதான். எந்திரத்தின் நிறத்தில், பூமழைக் குழாயின் அழகில், சுவரின் ஒப்பனையில் சிக்கனம் காட்டுங்கள். கம்பியின் தடிமனிலும் பாதுகாப்புக் கருவியிலும் வேலை செய்பவரின் தகுதியிலும் காட்டாதீர்கள். எந்திரம் பழுதானால் கழற்றி வேறொன்று மாட்டலாம். கம்பி பல்லாண்டுகள் நம் வீட்டோடு இருக்கும். விடியற்காலையில் பள்ளிக்குப் புறப்படும் பிள்ளை அரைத்தூக்கத்தில் ஈரக்கையோடு திறப்பது அந்தக் குழாயைத்தான். பாதுகாப்புக் கருவியில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் துண்டிக்கப்படவில்லையெனில், அன்றே மின்பணியாளரை அழையுங்கள்.