ஜெயித்துக்கொண்டே உடைந்த நாடு

போன மாதம் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு விழா. ஷாமியானா, பொன்னாடை, ரோஸ்மில்க் எல்லாம் உண்டு. சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்தவர் விடவே இல்லை. 'விளையாட்டு மாநிலங்களை இணைக்கும், தேசத்தை ஒன்றாக்கும்' என்று அரை மணி நேரம்! எதிரே வெயிலில் பாஸ்கெட்பால் டீம் பசங்க உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கோர்ட். கம்பத்தில் வளையம் இருந்தது, வலை இல்லை.

இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கைகூடத் தட்டியிருப்பீர்கள். எனக்கு இதைக் கேட்டாலே ஒரு டீம் ஞாபகம் வந்துவிடும். அந்த டீமுக்கு இன்றைக்கு நாடே கிடையாது.

யுகோஸ்லாவியா ஜூனியர் பாஸ்கெட்பால் அணியைச் சொல்கிறேன். 1987-ல் இத்தாலியின் போர்மியோ என்ற மலை ஊரில் ஜூனியர் உலகக் கோப்பை. டோனி குகோச், டினோ ராஜா (நம்ம ஊர் ராஜா இல்லை!) இருவரும் குரோஷியாவின் ஸ்பிளிட் நகரத்துப் பையன்கள். விளாடே திவாச், சாஷா ஜோர்ஜெவிச் செர்பியர்கள். தியோமான் அலிபெகோவிச் போஸ்னியாவில் பிறந்தவர். லீக் மேட்சில் அமெரிக்காவுக்கு எதிராக குகோச் 12 தடவை தூரத்திலிருந்து பந்தை வீசினார். 11 கூடைக்குள்! மறுபடி இறுதிப் போட்டியிலும் அதே அமெரிக்கா. 86-76. உலக சாம்பியன்.

ஒரு நாள் அதிர்ஷ்டமில்லை இது. பையன்கள் சின்ன வயதிலிருந்தே ஒன்றாகப் பயிற்சி பெற்று, முந்தின வருஷமே ஐரோப்பிய ஜூனியர் பட்டம் வாங்கியவர்கள். ஒருத்தன் எங்கே ஓடுவான் என்று இன்னொருத்தனுக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியும். விருந்தினர் சொன்ன ஒற்றுமைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

பெரியவர்கள் அணியிலும் வெற்றிதான். 1989-ல் ஐரோப்பிய சாம்பியன், 1990-ல் உலக சாம்பியன், 1991-ல் மறுபடி ஐரோப்பிய சாம்பியன். அதே மூன்று வருஷத்தில் நாடு என்ன ஆனது தெரியுமா? கடன், விலைவாசி, யார் யாருக்குப் படியளப்பது என்ற சண்டை. 1989-ல் கொசோவோவின் தன்னாட்சியைப் பிடுங்கினார்கள். மேடை ஏறியவர்களெல்லாம் பழைய பகையைக் கிளறினார்கள். கோப்பை வந்துகொண்டே இருந்தது, நாடு உடைந்துகொண்டே இருந்தது!

1991 ஜூன் 25. ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் விடுதலை அறிவித்தன. டீம் அப்போது ரோமில் ஆடிக்கொண்டிருக்கிறது. யூரே ஸ்தோவ்ட்ஸ் என்ற ஸ்லோவேனிய வீரருக்கு அவர் ஊர் அரசிடமிருந்து தகவல் வந்தது. அரை இறுதிக்கு முன்பே பெட்டியைக் கட்டிவிட்டார். மற்றவர்கள் ஆடிக் கோப்பை வாங்கினார்கள். வாங்கி? அதை எந்த நாட்டு அலமாரியில் வைப்பது?

1995, ஏதென்ஸ். புதிய யுகோஸ்லாவியாவுக்குத் தங்கம். அதில் திவாச், ஜோர்ஜெவிச். குரோஷியாவுக்கு வெண்கலம். அதில் குகோச், ராஜா. தங்கம் வாங்க அவர்கள் மேடை ஏறும் நேரத்தில் குரோஷிய அணி இறங்கி வெளியே போய்விட்டது. போர்மியோவில் ஒரே மேடையில் நின்ற பையன்கள், எட்டே வருஷத்தில்! பையன்களைத் திட்டாதீர்கள். நடுவில் நடந்தது போர். ஆயிரக்கணக்கில் பிணம்.

நமக்கென்ன இதில் என்கிறீர்களா? அந்த 1991 ஜூன் 25 தேதியை மறுபடி படியுங்கள். அதே நாளில்தான் காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 205 டி.எம்.சி. என்று இடைக்கால உத்தரவு போட்டது. டிசம்பரில் அது அரசிதழில் வந்ததும் பெங்களூரில் தமிழர்கள் அடிபட்டார்கள், மூட்டை முடிச்சோடு ஓடிவந்தார்கள். அன்றைக்கும் இந்தியா ஒரே அணியாகத்தான் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தது. அந்த வீரர்கள் யாரும் கலவரத்தை நிறுத்தவில்லை. அவர்கள் வேலையும் அதுவல்ல. 2018-ல் காவிரிப் போராட்டத்தால் சென்னை அணியின் ஐ.பி.எல். மேட்ச்களே சேப்பாக்கத்தை விட்டுப் புனேவுக்கு ஓடின. விளையாட்டு எங்கே இணைத்தது? அதுவே ஊரைவிட்டு ஓடியது!

தஞ்சை ஜில்லா விவசாயிக்கு இதெல்லாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தலைமடைக்காரனும் கடைமடைக்காரனும் வெட்டிக்கொள்ளாமல் இருக்கிறார்கள் என்றால் பாசத்தினாலா? முறை வைத்துத் தண்ணீர் விடுவதனால். முறை தவறினால் மச்சான் மாமன் உறவு வாய்க்கால் வரப்போடு சரி! 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை. மழை பொய்த்தது ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பற்றாக்குறைக் காலத்தில் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கைச் சொன்னபடி நடத்த ஆள் இல்லாததும் காரணம். ஆணையம் என்று ஒன்று வரவே 2018 ஆகிவிட்டது.

'அப்போ விளையாட்டே வேண்டாங்கறீங்களா?' வேணும் சார், நிறைய வேணும். குகோச் வீசிய அந்த 11 பந்தைப் பார்த்தால் இன்றைக்கும் சிலிர்க்கும். அது போதாதா? பதினாறு வயசுப் பையன் பனியனில் தேசத்தை எழுதி, அதை ஒட்டவைக்கும் பொறுப்பையும் ஏன் அவன் தலையில் கட்டுகிறீர்கள்? பங்கு பிரிக்கிற நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நீங்கள்!

அன்றைக்கு விழா முடிந்ததும் பி.டி. வாத்தியாரிடம் கேட்டேன். வலை கேட்டு எழுதிப் போட்டு ரெண்டு வருஷமாச்சாம். விருந்தினருக்குப் போட்ட பொன்னாடை விலையில் நாலு வலை வாங்கலாம் என்றார், மெதுவாக.