பத்து நிமிஷத்துல சிவக்குமா மருதாணி?

நம்ம தர்மபுரி பக்கம் கல்யாணம்னா முன்னெல்லாம் மருதாணி இலையைப் பறிச்சு, அம்மியில அரைச்சு, உள்ளங்கையில ஒரு வட்டம், விரல் நுனிக்குத் தொப்பி... அவ்ளோதான். இப்போ பாலக்கோடு, பென்னாகரம் வரைக்கும் கோன் மெஹந்தி வந்தாச்சு. டிசைன் மாறட்டுங்க, அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் சண்டையெல்லாம் கலரைப் பத்திதான்.

இலையில இருக்குற லாசோன்ங்கிற சாயம் தோல்ல ஏற சில மணி நேரமாகும். கழுவினதும் ஆரஞ்சாத்தான் தெரியும். ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுதான் நல்லாச் சிவக்கும். கன்னங்கரேல்னு ஆகவே ஆகாது. "பத்து நிமிஷத்துல கருப்பு"ன்னா வேற ஏதோ கலந்திருக்குன்னு அர்த்தம். பெரும்பாலும் அது தலைக்கு அடிக்கிற டையில இருக்குற பி.பி.டி.ங்கிற ரசாயனம். கொப்புளம், தழும்பு வரலாம். பிற்பாடு டை அடிச்சாலே முகம் வீங்குற அளவுக்குச் சிலருக்கு அலர்ஜி ஒட்டிக்கும்.

"நல்லாச் சிவந்தா புருஷன் பாசமா இருப்பான்"னு நாமதானே பொண்ணுங்களைக் கிளப்பி விடுறோம்? கேலியாச் சொன்னாலும், கல்யாண அவசரத்துல அதுதான் அந்தக் கருப்புக் கோனை வாங்க வைக்குது.

முகூர்த்தத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே வைங்க. கோன்ல என்ன கலந்திருக்குன்னு கேளுங்க. பதில் வரலைன்னா வேண்டாம்னுடுங்க. பாசத்தை மாப்பிள்ளை வேற விதத்துல காட்டட்டும் :-)