விதியல்ல, பதிவேடு

காதர்பேட்டையில் கடைக்குக் கடை குழந்தை பனியன் தொங்குகிறது. அதைத் தைத்து, பிசிறு வெட்டி, அடுக்கிக் கட்டும் பெண்களில் நம் சேரிகளிலிருந்து வந்தவர்கள் ஏராளம். அவர்களில் ஒருத்தியின் கைக்குழந்தை பால் குடிக்கும்போதே வியர்த்து, மூச்சு வாங்கி, பாதியில் களைத்துப்போனால் சுற்றியிருப்பவர்கள் சொல்வது: சளி, கண் திருஷ்டி. குழந்தை போனபிறகு சொல்வது: விதி.

பிறக்கும் 1000 குழந்தைகளில் 8 அல்லது 9 குழந்தைகளுக்கு இதயக் கோளாறு இருக்கிறது. அது சாதி பார்த்து வருவதில்லை. வந்தபிறகுதான் சாதி வேலையைக் காட்டுகிறது.

சிறிய ஓட்டைகள் பல தானாக மூடிக்கொள்ளும். பெரிய ஓட்டையைக் காலத்தில் அடைத்தால் குழந்தை பிழைக்கும். விட்டுவிட்டால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் தடித்துப்போய், பிறகு அறுவைசிகிச்சையே செய்யமுடியாத நிலை வரும். ஆக, கொல்வது தாமதம்.

'திட்டம்தான் இருக்கிறதே' என்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். கணவனும் மனைவியும் ஒன்றரை ஷிப்ட் பார்த்து மாதம் ஆளுக்குப் பத்தாயிரம் வாங்கினாலே அந்த வரம்பு இரண்டு மடங்காகத் தாண்டிவிடும். சரி, இ.எஸ்.ஐ.? பீஸ் ரேட்டுக்கு கான்ட்ராக்டர் கூட்டிவந்தவளின் பெயரை எந்தக் கம்பெனி பதிவேட்டில் ஏற்றியிருக்கிறது? 2013 முதல் அரசின் சிறார் பரிசோதனைக் குழு அங்கன்வாடிக்கு வருகிறது. ஊர்விட்டு வந்து லைன் வீட்டில் கிடக்கும் குழந்தையின் பெயர் அங்கேயும் இல்லையென்றால்?

நீலம் பாரித்த குழந்தைகளைக் காப்பாற்றிய அறுவைசிகிச்சை 1944இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நடந்தது. அந்த முறையை ஆய்வகத்தில் செய்துபார்த்துச் செப்பனிட்டவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பினத்தவர். முன்பு வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் அவர் ஆய்வு செய்த காலத்தில், சம்பளப் பட்டியலில் அவர் துப்புரவுப் பணியாளர். சிகிச்சைக்கோ நெடுங்காலம் இரண்டு வெள்ளை மருத்துவர்களின் பெயர் மட்டுமே இருந்தது. உழைப்பவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அழிப்பது உலகெங்கும் ஒரே தந்திரம்.

மாணவத் தோழர்களே, லைன் வீடுகளுக்குப் போங்கள். நம் கருத்த பிள்ளைகளின் தோலில் நீலம் எளிதில் தெரியாது. நாக்கையும் ஈறையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் வீடு திரும்புமுன் ஆக்சிஜன் அளவு பார்க்கவேண்டும், பீஸ் ரேட் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் இ.எஸ்.ஐ. எண் வேண்டும் என்று கேளுங்கள்.

இது இரக்கம் கேட்கும் மனு அல்ல. உரிமைக் கணக்கு.

ஜெய் பீம்.