போன்ஜூர் சொன்னா மட்டும் போதுமா?

போன செமஸ்டர் ஐடியா போட்டிக்காக நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு பிசினஸ் பிளான் போட்டோம். வீட்டுல ஆள் இல்லாத நாள்ல தொட்டிச் செடிக்குத் தானா தண்ணி விடுற சின்ன கருவி. முதல் சந்தை பிரான்ஸ். ஏன் பிரான்ஸ்னு கேட்டா, டீம்ல ஒருத்தன் பிரெஞ்சு ஏ1 முடிச்சிருந்தான், அவ்வளவுதான். ஆகஸ்ட் முதல் வாரம் அங்கே இருக்கிற சில சின்ன கடைகளுக்கு மெயில் அனுப்பினோம். வந்ததெல்லாம் தானியங்கி பதில்: விடுமுறை, மாசக் கடைசியில்தான் திறப்போம். "இவனுங்க எப்படிடா ராக்கெட் விடுறானுங்க?" என்று சிரித்தோம்.

போட்டி அன்னைக்கு நடுவர் சிரித்தார். "அவங்க ஊருக்குப் போறப்பதானே தம்பி உங்க கருவியே தேவைப்படும்? அதை ஆகஸ்ட்ல போயா விக்கிறீங்க?" ஹால் மொத்தமும் சிரிச்சுது. எங்களுக்குப் பரிசு கிடைக்கலைன்னு தனியா சொல்ல வேண்டியதில்லை.

அதுக்கப்புறம்தான் நான் கொஞ்சம் படிக்க ஆரம்பிச்சேன். நம்ம எலெக்டிவ் பாடத்தில் பிரான்ஸ் என்றால் ஒரே ஒரு ஸ்லைடு: கடைக்குள் நுழைந்ததும் போன்ஜூர் சொல்லு, முதல் நாளே பேர் சொல்லிக் கூப்பிடாதே, சாப்பாட்டு மேசையில் எடுத்த எடுப்பிலேயே விலை பேசாதே. தப்பில்லை, போன்ஜூர் சொல்லாமல் கேள்வி கேட்டால் அங்கே நிஜமாகவே முகம் சுளிப்பார்கள். ஆனா இது வாசல்ல செருப்பைக் கழற்றுற மாதிரி. உள்ளே போன பிறகுதான் விஷயமே இருக்கு. அந்த நாட்டுக் கலாச்சாரம் பாதி அவங்க தொழிலாளர் சட்டத்துல இருக்குங்கிறது என் கருத்து.

அந்த ஆகஸ்ட் விடுமுறையையே எடுத்துக்கோங்க. 1936-இல் நாடு முழுக்க வேலைநிறுத்தம் நடந்து, தொழிற்சாலைகளுக்குள்ளேயே தொழிலாளர்கள் உட்கார்ந்து போராடி வாங்கினதுதான் இரண்டு வாரச் சம்பள விடுப்பு. 1982-இல் அது ஐந்து வாரம் ஆச்சு. நாம சோம்பேறித்தனம்னு சிரிக்கிறது, எதிரே உட்கார்ந்திருக்கிறவரோட தாத்தா போராடி வாங்கின உரிமை. வாரம் 35 மணி நேரம் என்பதும் நாம நினைக்கிற மாதிரி இல்லை. அதுக்கு மேல போனா ஓவர்டைம் கணக்கு, அவ்வளவுதான். மேனேஜர், இன்ஜினியர் பலருக்கு வேலை நாள் கணக்குதான். ராத்திரி ஏழு மணிக்கும் ஆபீஸ்ல இருப்பாங்க.

பெரிய கம்பெனிகளும் இதுல அடிபட்டிருக்கு. 1992-இல் பாரிஸ் பக்கத்தில் திறந்த யூரோ டிஸ்னி, பூங்காவுக்குள் வைன் கிடையாது என்றது. ஊழியர்கள் தாடி மீசை வைக்கக் கூடாது என்றது. தொழிற்சங்கங்கள் கொதித்தன. அடுத்த வருஷமே வைன் உள்ளே வந்தது, 1994-இல் பேரே டிஸ்னிலேண்ட் பாரிஸ் என்று மாறியது. நஷ்டத்துக்குக் கடன், வட்டி என வேறு காரணங்களும் இருந்தன, எல்லாப் பழியையும் வைன் தலையில் போட முடியாது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ஃப்ளோராஞ்ச் கதை. 2006 ஜனவரியில் லட்சுமி மிட்டல் ஆர்செலார் ஸ்டீல் கம்பெனியை வாங்க விலை சொன்னார். பங்குதாரர்களுக்குப் பணம் கிடைக்கும், அப்புறம் என்ன பிரச்சினை என்றுதான் நமக்குத் தோணும். பிரெஞ்சு நிதியமைச்சர் தியரி பிரெத்தோன் கேட்டது வேற: இதுக்குப் பின்னாடி தொழில் திட்டம் எங்கே? பணம் ஜெயித்தது, ஜூனில் டீல் முடிந்தது. ஆனா கேள்வி முடியலை. 2012-இல் லொரேன் பகுதியில் இருக்கிற ஃப்ளோராஞ்சின் இரண்டு ஊது உலைகளையும் மூடப் போவதாகக் கம்பெனி சொன்னதும், அமைச்சர் ஆர்னோ மோந்த்புர் ஆலையைத் தற்காலிகமாக அரசுடைமை ஆக்குவோம் என்றார். இது வெறும் வாய்ச்சவடால் இல்லை. 1980களில் பிரெஞ்சு ஸ்டீல் தொழிலே அரசு கையில்தான் இருந்தது. கடைசியில் அரசுடைமை ஆகவில்லை, கட்டாய ஆட்குறைப்பு இல்லை, 18 கோடி யூரோ முதலீடு என்று ஒப்பந்தம் ஆனது. 2013-இல் உலைகள் அணைந்தன. 2014-இல் அந்த ஊர்ப் பேரிலேயே ஒரு சட்டம் வந்தது: ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனி ஒரு ஆலையை மூடணும்னா, முதலில் அதை வாங்க ஆள் தேடணும்.

"இப்படி இருந்தா எவன் முதலீடு பண்ணுவான்?" என்று என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆட்களை எடுக்கவே பயப்படுற சின்ன கம்பெனிகள் அங்கே உண்டு. ஆனா ஆலை மூடினா ஒரு ஊரே காலியாகும், அதில் அந்த ஊருக்கும் பேச்சு இருக்கணும்னு அவங்க நினைக்கிறதை நான் குறை சொல்ல மாட்டேன். ஒத்துக்கிறோமோ இல்லையோ, விலை சொல்றதுக்கு முன்னாடி இது தெரிஞ்சிருக்கணும்.

எங்க பிளானை இப்போ திருத்திக்கிட்டு இருக்கோம். மெயில் மார்ச்சில் போகும், கோடை விடுமுறைக்கு முன்னாடி சரக்கு கடையில் இருக்கணும். 1994 சட்டப்படி வாடிக்கையாளருக்கு விற்கும் பொருளின் மேனுவல் பிரெஞ்சில் இருந்தாகணும். ஏ1 முடிச்சவன் இரண்டாம் பக்கத்திலேயே மாட்டிக்கிட்டு நிக்கிறான். பி2 முடிச்ச யாராவது நம்ம காலேஜ்ல இருந்தா, ஹாஸ்டல் பக்கம் வாங்க.